கடலுக்கடியில் குளிக்காமல் இருந்தவர்

என்னைப் பெண் பார்க்க வந்த இரண்டாவது மனிதர், எழுபத்தொன்றாம் வருஷத்து யுத்தத்தில் நீர்மூழ்கிக் கப்பலில் இருந்தவர். முதல் மனிதர் ஏலூரில் ஓர் உர ஆலையில் கணக்கு எழுதுகிறவர். முதலாமவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. யாரும் கேட்காமலே, தட்டில் பஜ்ஜி வந்து விழுவதற்கு முன்பே, "நான் ரெண்டு நேரமும் குளிக்கறவனாக்கும்" என்று சொன்னார். எங்கள் வீடே உருகிப் போய்விட்டது. குளிப்பதை அறிக்கை விடுகிற ஒருவரோடு ஆயுள் முழுக்க எப்படிக் குப்பை கொட்டுவது என்று எனக்குத்தான் கவலையாக இருந்தது.

அப்போது நாங்கள் மட்டாஞ்சேரியில், மிளகு மண்டிகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். நான் அதே மண்டித் தெருவில் ஓர் ஏற்றுமதி ஆபீசில் டைப்பிஸ்ட். வீட்டில் அப்பா, அம்மா, பெரியப்பா, பெரியம்மா. அப்பாவுக்கும் சொந்த அபிப்பிராயம் என்று ஒன்று உண்டு. அதைப் பெரியப்பா பத்திரமாக வைத்திருந்தார். பெரியப்பா ரயில்வேயில் கூட்ஸ் கிளார்க்காக இருந்து ரிடையரானவர். எந்தச் சாமான் எங்கே ஏறியது, எங்கே இறங்கியது என்று தெரியாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. தேங்காய் வாங்கி வந்தால்கூட எந்தக் கடை என்று கேட்டு, அந்தக் கடைக்கு எங்கிருந்து வந்தது என்றும் கேட்பார்.

நீர்மூழ்கிக்காரர் பள்ளுருத்தியிலிருந்து தன் அம்மாவோடு வந்தார். அவருக்கு அப்பா இல்லை. கப்பலில் அவருடைய வேலை கேட்பது. கடலுக்கடியில் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்க்க முடியாதல்லவா, அதனால் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, வெளியே என்ன கப்பல் போகிறது, எந்தப் பக்கம் போகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்ல வேண்டும். இதை அவர் அம்மா விளக்கியதும் என் பெரியம்மா, "அப்போ பாட்டு நன்னா ரசிப்பர்" என்று சொல்லி என்னைத் தம்பூராவோடு பாட உட்கார்த்திவிட்டாள்.

நான் பாட ஆரம்பித்தால் பக்கத்து வீட்டில் ரேடியோவைக் கூட்டி வைப்பார்கள். அது போதும், என் சங்கீதத்தைப் பற்றி வேறு விவரம் வேண்டாம். அன்றைக்கும் பாடினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். நெற்றி சுருங்கியது. இதுவரை யாரும் என் பாட்டை அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

பாட்டு முடிந்ததும் பெரியம்மா, "எப்படி இருந்தது?" என்று ஆசையாகக் கேட்டாள்.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. "பாட்டு கேட்டுது. ஆனா அதுக்கடியில வேறொண்ணு கேக்கறது. ஒத்தை எஞ்சின். பழைய கப்பல். பாரம் ஜாஸ்தி. வலது பக்கம், ரொம்பக் கிட்டக்க."

எல்லோரும் வாயை மூடிக்கொண்டு காதைக் கொடுத்தோம். அப்போதுதான் தெளிவாகக் கேட்டது. வலது பக்கம் பிரம்பு நாற்காலியில், வாய் திறந்தபடி, பெரியப்பா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

முதலில் சிரித்தது நான்தான். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் சிரிக்கக் கூடாது என்பார்கள். நான் தம்பூராவில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தேன். பெரியப்பா திடுக்கிட்டு எழுந்து, "என்ன, என்ன, ஆரு வந்தா?" என்றார். பெரியம்மா அவர் காதில் விஷயத்தைச் சொன்னாள். அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் இந்தக் கல்யாணம் நடப்பது கஷ்டம் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அதே நிமிஷம், நடந்தால் இவரோடுதான் நடக்க வேண்டும் என்றும் தீர்மானம் செய்துகொண்டேன். என் பாட்டைக் கேட்டுவிட்டுப் பொய் சொல்லாத முதல் ஆண்பிள்ளை அவர்.

பெரியப்பா நாற்காலியை அவருக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"யுத்தத்துல உங்க கப்பல் எங்கேர்ந்து எங்கே போச்சு?"

"பறயப் பாடில்லை. சொல்லப்படாதுன்னு கப்பற்படை சட்டம்."

"எத்தனை கப்பலை முக்கினேள்?"

"அதும் பறயப் பாடில்லை."

"செரி, இதையாவது சொல்லுங்கோ. உள்ளே இருந்தப்போ ஸ்நானம்?"

இதற்கு அவர் யோசித்தார். இது ரகசியத்தில் சேருமா சேராதா என்று யோசித்திருப்பார். பிறகு, "ஸ்நானம் இல்லை. நல்ல ஜலம் குடிக்க மாத்திரம்தான்" என்றார்.

"ஒரு நாளுமா?"

"ஒரு நாளும்."

பெரியம்மா உட்கார்ந்த வாக்கிலேயே ஒரு முழம் பின்னால் நகர்ந்தாள். யுத்தம் முடிந்து கிட்டத்தட்ட இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதற்குப் பின் அவர் எத்தனையோ தடவை குளித்திருப்பார். ஆனாலும் நகர்ந்தாள். சுற்றிலும் தண்ணீர், மேலே தண்ணீர், கீழே தண்ணீர், நடுவில் ஒருத்தர் குளிக்காமல் உட்கார்ந்திருந்தார் என்பதை எங்கள் வீட்டால் ஜீரணிக்க முடியவில்லை. எதிரிக் கப்பலைக் கண்டு பயந்து ஓடிவந்தேன் என்று சொல்லியிருந்தாலும் மன்னித்திருப்பார்கள்.

அவர் அம்மா நிலைமையைச் சமாளிக்கப் பார்த்து மேலும் கெடுத்தாள். "பாவம், என்ன செய்யும் குழந்தை! அவனோட அப்பா தெவசம்கூட அப்போதான் வந்தது. அதுவும் முடங்கிப் போச்சு" என்றாள்.

பெரியப்பா எழுந்து நின்றார். ஸ்நானம் இல்லை, சந்தியாவந்தனம் இல்லை, தகப்பனார் திவசம் இல்லை. தீர்ப்பு சொன்னார்: பிராயச்சித்தம் பண்ணாமல் இந்த வீட்டுப் பெண்ணைக் கொடுக்க முடியாது. நீர்மூழ்கிக்காரர் உடனே, "பண்ணிடறேன்" என்றார். அத்தனை சீக்கிரம் ஒப்புக்கொண்டது பெரியப்பாவுக்குப் பிடிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு நிபந்தனை சேர்த்தார். சங்கல்பத்தில், தோஷம் எந்த இடத்தில் ஏற்பட்டதோ அந்த இடத்தைச் சொல்லியாக வேண்டும். நம் கரையோரம் என்றால் சின்னப் பிராயச்சித்தம். கடல் தாண்டியிருந்தால் பெரியது. எதிரி வாசல் வரைக்கும் போயிருந்தால் அதைவிடப் பெரியது. இடம் தெரியாமல் எதைப் பண்ணுவது? விலாசம் இல்லாத பார்சலை எந்த ஸ்டேஷனில் இறக்குவது?

"இடம் பறயப் பாடில்லை" என்றார் அவர் மறுபடியும்.

"அப்போ பெண்ணும் கொடுக்கப் பாடில்லை" என்றார் பெரியப்பா.

அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தை பிறப்பதற்குள் இது தீராவிட்டால் ஏலூர்தான் என்று சொன்னார். பாவம், அதையும் பெரியப்பாதான் சொல்லச் சொல்லியிருப்பார். ஏலூர்க்காரர்கள் வாரம் தவறாமல் ஆள் விட்டு விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

இதற்குள் விஷயம் சந்துமுனை சாயாக்கடைக்குப் போய்விட்டது. கடைக்காரச் சேட்டனுக்குச் சட்டமும் கிடையாது, ரகசியமும் கிடையாது. நான் ஆபீசுக்குப் போகும்போதும் வரும்போதும் அந்த நீர்மூழ்கியின் யுத்த சரித்திரம் சாயாவோடு சேர்ந்து நுரைத்துக்கொண்டிருக்கும். திங்கட்கிழமை இரண்டு கப்பலை மூழ்கடித்திருந்தது. புதன்கிழமை நான்கு ஆயிற்று. வார முடிவில் பெரியப்பா சாயா குடிக்கப் போனபோது சேட்டன் கையைக் காற்றில் வீசி, "சாமீ, ஏழு கப்பலாணு! ஏழு! முங்கிக் கப்பல் ராத்திரி நம்மட போட்டுத் துறையோட அடியில வந்து கிடந்து, விடியறதுக்கு முன்ன போயிட்டுண்டு" என்றான்.

"ஏழு கப்பல் முங்கியிருந்தா கடல் வெள்ளம் பொங்கி நம்மாத்து அடுக்களைக்குள்ள வந்திருக்கணுமே" என்றார் பெரியப்பா.

"வந்துதே சாமீ! அந்த வருஷம் வேலியேற்றத்துக்கு அடுக்களையில வந்தது எந்தாணுன்னா விசாரிச்சது?"

பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி வேலியேற்றத்தில் எங்கள் சந்தில் உப்புத் தண்ணீர் ஏறுவது வழக்கம்தான். அந்த வருஷமும் ஏறியிருந்தது. பெரியப்பா சாயாவைப் பாதியில் வைத்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து அவருக்கு அந்தக் கப்பல் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. ஆனால் நிபந்தனையை விடவில்லை. மரியாதை கூடக் கூட இடம் தெரிந்துகொள்ளும் வெறியும் கூடியது.

புரோகிதம் பண்ணிவைக்கும் வாத்தியாரை வீட்டுக்கு வரவழைத்தார்கள். நல்ல மனிதர், சண்டை பிடிக்காதவர். ஏலக்காய் போட்ட பாலைக் குடித்துவிட்டு, "கடல் தாண்டறதுன்னா மேலோட போறது. அடியோட போகப்படாதுன்னு எங்கயும் சொல்லலை. பகவானே மத்ஸ்யாவதாரத்துல அடியிலதான் இருந்தார்" என்றார்.

"பகவான் மீனாப் போனார். இவர் டின் பட்டாணி தின்னுண்டு போயிருக்கார்" என்றார் பெரியப்பா.

"ஸ்நான விஷயமும் அப்படித்தான். மீன் என்ன, தனியாக் குளிக்கறதா?"

"மீன் நனையறதே, வாத்யாரே! இவர் நனையவும் இல்லையே!"

வாத்தியார் இதை எதிர்பார்க்கவில்லை. சமுத்திரத்துக்குள் இருந்தும் ஈரம் படாதவனுக்குத் தீர்த்தமாடிய பலன் உண்டா என்று இரண்டு பேரும் மத்தியானம் வரை வாதம் செய்தார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று பல்லைக் கடித்தேன். என் கல்யாணம் இங்கே ஒரு மீனின் ஈரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் வாத்தியார், சாதாரணமாக சங்கல்பத்தில் நாம் உட்கார்ந்திருக்கும் இடத்தைச் சொன்னால் போதும், ஆனாலும் பெரியவர் ஆசைப்படுவதால் அந்த இடத்தையும் சொல்லிவிடட்டுமே என்று குழைந்தார். அவருக்கும் அந்தக் கப்பல் எங்கே போயிற்று என்று தெரிந்துகொள்ள ஆசை. பார்த்தாலே தெரிந்தது.

அந்த வாரத்தில் ஒரு நாள், ஆபீஸ் விட்டு நான் வரும்போது, போட்டு வந்து நிற்கிற ஜெட்டிக்குப் பக்கத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். வேட்டி, சட்டை, கையில் ஒரு குடை. என்னைப் பார்த்ததும் இரண்டடி முன்னால் வந்து, "ஒரு காரியம் பறயணும். அந்த இடத்தைப் பத்தி" என்று ஆரம்பித்தார்.

எனக்கு எங்கிருந்துதான் அந்த ஆவேசம் வந்ததோ! "பறயாதேங்கோ!" என்று கையை நீட்டித் தடுத்தேன். மூட்டை சுமந்து போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "நாட்டுக்காகக் காப்பாத்தின ரகசியத்தை ஒரு பொண்ணுக்காக விட்டுக்கொடுக்கற ஆள் எனக்கு வேண்டாம். ஏலூருக்கு வேணும்னாலும் போறேன். நீங்கோ வாயைத் திறக்கப்படாது!"

அவர் திறந்த வாயை மூடிக்கொண்டார். மறுபடி திறந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார். பிறகு குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். மழையும் இல்லை, வெயிலும் இல்லை. என் பேச்சில் மயங்கிப் போனார் என்று நான் நினைத்துக்கொண்டேன். அன்றிரவு முழுக்க எனக்கு என் மேலேயே ஒரு மதிப்பு.

மார்கழிக்கு முன்னால் ஒரு நல்ல நாளில் எங்கள் சமூக மடத்தில் பிராயச்சித்தம் வைத்தார்கள். பெண் வீட்டுக்காரர்கள் போகிற சடங்கு இல்லை அது. ஆனால் பெரியப்பா மேற்பார்வைக்கு என்று அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனார். தயிர் கொண்டு போகிற சாக்கில் பெரியம்மாவும் நானும் போனோம். அவர் தலை ஈரம் சொட்ட, மணையில் உட்கார்ந்திருந்தார். பெரியப்பா திருப்திக்காகக் குளத்தில் இத்தனை முழுக்கு என்று இல்லாமல் முழுகி எழுந்திருந்தார். பல் கிடுகிடுவென்று ஆடியது.

சங்கல்பம் வந்தது. வாத்தியார் வருஷம், மாதம், திதி எல்லாம் சொல்லிக்கொண்டே வந்து நிறுத்தினார். மடமே நிமிர்ந்தது. சமையல்காரர் கரண்டியோடு வந்து தூணருகே நின்றார். பெரியப்பா காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டார்.

மணையில் இருந்தவர் என்னைப் பார்த்தார். நான் கூடாது என்று தலையை ஆட்டினேன்.

வாத்தியார் இரண்டு பேரையும் பார்த்தார். அவர் மனசு இளகியிருக்க வேண்டும். "வாயால சொல்ல வேண்டாம். மனசுல சொல்லுங்கோ. கேக்க வேண்டியவா கேட்டுப்பா. சர்க்காருக்கும் தோஷமில்லை" என்றார்.

பெரியப்பா ஆட்சேபிக்க வாயெடுப்பதற்குள் நீர்மூழ்கிக்காரர் கண்ணை மூடிவிட்டார். மூடினவர் திறக்கவில்லை. ஹோமப் புகை எழும்பி எல்லோரும் இருமினோம். அவர் அசையவில்லை. உதடு மட்டும் லேசாக அசைந்தது. பெரியப்பா குனிந்து குனிந்து அந்த உதட்டைப் படிக்கப் பார்த்தார். ஒரு கட்டத்தில் ஹோம குண்டத்துக்குள் விழப் போய் அப்பா பிடித்து இழுத்தார். கடைசியில் அவர் கண்ணைத் திறந்தபோது இரண்டு கண்ணும் சிவந்து வழிந்துகொண்டிருந்தது. புகை என்று நினைத்தோம்.

பெரியப்பா வீட்டுக்கு வரும் வழியில், "இவ்வளவு நாழி சொல்றதுன்னா பக்கத்து இடம் இல்லை. ரொம்பத் தூரம் போயிருக்கான், ரொம்பத் தூரம்!" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தார். நீங்கோ என்பது அவன் ஆகிவிட்டதைக் கேட்டதும் எனக்குக் கல்யாணம் நிச்சயம் என்று தெரிந்துவிட்டது. மாசியில் நடந்தது. சேட்டன் சாப்பாட்டுப் பந்தியில் கப்பல் எண்ணிக்கையை ஒன்பதாக்கினான்.

கல்யாணத்துக்கு மறுநாள் காலை, எர்ணாகுளத்தில் கோவிலுக்குப் போக மட்டாஞ்சேரி ஜெட்டியில் போட்டில் ஏறினோம். முதல் முறையாகத் தனியாக இருந்தோம், அதாவது மீன்கூடைகள், மண்டிக் குமாஸ்தாக்கள், ஒரு சைக்கிள் ஆகியவற்றோடு. நான் குரலைத் தாழ்த்தி, "இனி நான் உங்க ஆத்துக்காரி. எங்கிட்ட சொல்லலாம். எங்கே போனேள்?" என்று கேட்டேன்.

அவர் அக்கம்பக்கம் பார்த்தார். "தெரியாது" என்றார்.

"எங்கிட்டயுமா?"

"சத்தியமாத் தெரியாது. பறயப்படாதுன்னு சட்டம் இருக்கு, பறயறதுக்கு எங்கிட்டதான் ஒண்ணும் இல்லை. எங்கே போறோம்னு காப்டனுக்கும் வழி பார்க்கற ஆபீசருக்கும்தான் தெரியும். எங்களாட்டம் ஆளுகளுக்கு ஆரு சொல்லப் போறா? புறப்பட்டோம், முங்கினோம், ஒரு நாள் மேல வந்தோம். நடுவுல எங்கே இருந்தோம்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

எனக்கு வந்த கோபத்தில் அவரைத் தண்ணீரில் தள்ளியிருப்பேன். "பின்னே ஜெட்டியில அன்னிக்கு..."

"அதைச் சொல்லத்தான் வந்தேன். நீ விட்டாத்தானே! ரகசியத்தைச் சொன்னா வேண்டாம்னே. ரகசியமே இல்லைன்னா நிச்சயமா வேண்டாம்னுடுவியோன்னு பயந்துட்டேன்."

கோபம் அப்படியே சிரிப்பாக மாறிவிட்டது. பெரியப்பா, வாத்தியார், கரண்டி பிடித்த சமையல்காரர் எல்லோரும் ஒவ்வொருவராக ஞாபகம் வர, புதுப்புடவையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினேன். மீன்காரிகள் கல்யாணப் பெண் அழுகிறாள் என்று பரிதாபமாகப் பார்த்தார்கள். சிரிப்பு அடங்கியதும், "அப்போ மடத்துல அவ்வளவு நாழி மனசுல என்னதான் சொன்னேள்?" என்றேன்.

அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பாகிட்ட பேசிண்டிருந்தேன்" என்றார். நான் ஏதோ கேட்க வாயெடுத்தேன்; அவர் நிறுத்தவில்லை. "அவர் தெவசத்தன்னிக்கு ஒரு கப்பல் எங்க தலைக்கு மேல வந்து நின்னுது. நம்மதா எதிரியோடதா, தெரியலை. சத்தம் வெளியில கேக்கப்படாதுன்னு நாங்க எல்லாத்தையும் நிறுத்திட்டோம். விசிறியைக்கூட. செருப்பைக் கழட்டச் சொன்னா. நான் காதுல மாட்டிண்டு ஒரு கையைத் தூக்கிண்டு உக்காந்திருந்தேன். அந்தக் கை எறங்கற வரைக்கும் ஆரும் அசையப்படாது. அப்போ ஒரு நெனைப்பு வந்தது. இங்கயே முடிஞ்சு போச்சுன்னா ஆராவது அம்மாகிட்ட போய்ச் சொல்லுவா. அம்மா எங்கேன்னு கேப்பா. வந்தவனுக்குத் தெரியாது. எனக்கே தெரியாதே, அவனுக்கு எப்படித் தெரியும்? அதைத்தான் அப்பாகிட்ட சொன்னேன். 'அன்னிக்கு நான் எங்கே இருந்தேன்னு எனக்குத் தெரியலைப்பா, நீ பாத்துண்டிருந்தா நீயே சொல்லிடு'ன்னு."

இத்தனை மாதமாக வீடும் தெருவும் இவர் எங்கே போனார் என்று கேட்டுக் குடைந்திருந்தோம். இவர் வராமலே போயிருக்கலாம் என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ரகசியத்துக்காக இவரைத் தூக்கிப் போடத் துணிந்த எனக்கும் தோன்றவில்லை.

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் காலத்தில், காலை வேளையில், என்னைத் தெரிந்த மண்டிக் குமாஸ்தாக்கள் ஏறியிருக்கிற போட்டில், அப்படிச் செய்யக் கூடாது. போட்டு அக்கரை ஜெட்டியில் இடித்து நின்றது. பின்னால் இருந்தவர்கள் இறங்கச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். "ஆரானும் பார்ப்பா, விடு" என்று அவர் கூச்சத்தோடு சொன்னார். நான் விடாமலே இறங்கினேன்.